மூடியக்காவின் பாதிப் பங்கு

பட்டம் வாங்கிய கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த இடம் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. சரக்கு அனுப்பும் பிரிவில் கணக்கெழுதும் வேலை. எங்கள் வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான் என்பதால், முதல் நாள் சட்டையின் மடிப்பு கலையாமல் நடந்துகொண்டிருந்தேன். மதிய மணி அடிப்பதற்கு முன்பே பசி வயிற்றைக் கிள்ளியது. மெல்ல கேன்டீனுக்குள் நுழைந்தேன். அடுப்பு மேடையில் ஆள் இல்லை. வரிசையாகப் பெரிய அண்டாக்கள். ஒவ்வொன்றின் மேலும் மூடி, மூடி அசையாமல் இருக்க அதன் மேல் ஒரு செங்கல். இன்றைக்கு என்ன சாப்பாடு என்று பார்க்கும் ஆசையில் ஒரு மூடியைத் தூக்கினேன்.

"யாரது? வைங்க மூடியை!"

பின்பக்கக் கதவில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் கரண்டி, தோளில் ஈரத் துண்டு, வயது நாற்பதைக் கடந்திருக்கும்.

"ஆவி போச்சு பாருங்க. அது ஆவியில்ல தம்பி, காசு. உங்க காசா இருந்தா இப்படித் தொறப்பீங்களா?"

மூடியை வைத்தேன். செங்கல்லையும் எடுத்து வைத்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"புதுசா?"

"ஆமாங்க. இன்னைக்குத்தான்."

"அப்ப மன்னிச்சாச்சு. போய் உக்காருங்க, மணி அடிச்சதும் முதல் தட்டு உங்களுக்கு."

மூடியக்காவை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். அதன் பிறகு அவருடைய கதையைக் கொஞ்சம் அவர் வாயாலும், கொஞ்சம் எங்கள் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் அவருடைய கணவர் வாயாலும் கேட்டேன். மற்றதெல்லாம் ரேடியோ சொன்னது. ரேடியோ என்பது கேன்டீனில் காய் நறுக்கும் பெண்ணுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர். கத்தி நின்றாலும் வாய் நிற்காது. ரேடியோ சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை மற்ற இருவரிடமும் சரிபார்த்த பிறகே இங்கே எழுதுகிறேன்.

கடன் அந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரித்தான் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நலம் விசாரித்துக்கொண்டு. முதலில் வந்தது வேன். அதில் தப்புச் சொல்ல முடியாது. யாருடைய வண்டியையோ கூலிக்கு ஓட்டி இடுப்பொடிந்த மனிதர், சொந்தமாக ஒன்று வாங்கினார். அதன் பின்னாலேயே துணி துவைக்கும் இயந்திரம் வந்தது, அக்காவின் கை சோப்பில் வெடித்துப் போனதால். பிறகு பெரிய டிவி, பிள்ளைகள் பக்கத்து வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள் என்று. பிறகு கணவருக்குப் புதுப் போன், லோடு பிடிக்கப் போன் முக்கியம் என்று. எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லாவற்றையும் வாங்கியபோது அந்த வீட்டில் பேசப்பட்டது ஒரே வசனம்தான்: "மாசம் கொஞ்சம்தானே." அந்தக் கொஞ்சங்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்து ஒருநாளும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

பிறகு வேனின் இன்ஜின் படுத்துக்கொண்டது. பட்டறையில் வண்டி கிடந்த நாட்களில் வருமானம் இல்லை. இன்ஜினைச் சரிசெய்ததில் கையில் இருந்த பணமும் போயிற்று. வேனுக்கு இரண்டு தவணை தவறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பைனான்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். தேய்த்த சட்டை, மரியாதையான பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்து டீயை வாங்கிக் குடித்தார். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"படம் நல்லா தெளிவா இருக்கேக்கா. எங்க எடுத்தீங்க?"

"உங்கள மாதிரி இன்னொரு தம்பிகிட்டதான்," என்றார் அக்கா. "அவரு நாளைக்கு வருவாரு."

தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். மூன்று மாதம் அவகாசம். அதற்குள் மாதத் தவணையும் தவறக்கூடாது, பழைய இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள், தன் கையில் ஒன்றுமில்லை. இதைச் சொல்லிவிட்டு, அடுத்த பையிலிருந்து எடுப்பது போல ஒரு யோசனையையும் எடுத்தார்.

"உங்க எல்லாக் கடனையும் எங்க கம்பெனியே அடைச்சிடும். அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரே தவணை. இப்ப கட்டறதவிட கம்மியாவும் வரும்."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கம்மியாவா?"

"எத்தனை வருஷம் கட்டணும்?" என்றார் அக்கா.

"ஏழு வருஷம்தான்கா."

"ஏழா! வண்டி செத்த பிறகும் அதுக்கு நாங்க சோறு போட்டுட்டிருக்கணுமா? வேணாம் தம்பி. மூணு மாசத்துல நானே பணத்தோட வர்றேன்."

தம்பி போனதும் கணவர் கதவைச் சாத்தினார். "எங்கருந்து கொண்டு வருவ?"

"தெரியல."

"தெரியாமயா அவ்வளவு கெத்தா சொன்ன?"

"அவரு முன்னாடி அழுதிருந்தா இன்னொரு லோன் குடுத்திருப்பாருங்க."

வேன் போனால் கணவர் மறுபடி கூலிக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். அப்போதும் வேனின் மீதிக் கடன் இவர்கள் தலையில்தான். அன்றைக்கே அக்கா ஒரு முடிவெடுத்தார். டிவி, தெருமுனை முடிதிருத்தும் கடைக்குப் போனது. துவைக்கும் இயந்திரம் ஒரு புதுமணத் தம்பதியின் வீட்டுக்குப் போனது. வந்த பணம் அந்த இரண்டின் கடனை அடைக்கச் சரியாக இருந்தது. கையில் எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் வீட்டுக்கு வரும் தம்பிகளின் எண்ணிக்கை குறைந்தது. மகள் டிவி இருந்த இடத்தில் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டாள். சின்னவன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"அப்ப நான் பக்கத்து வீட்டுக்கே போய்ப் பாத்துக்கறேன்."

"போ. சாப்பாட்டு நேரத்துக்குள்ள வந்துடு. அவங்க வீட்லயும் தவணை இருக்கும்."

பெரிய போர்வைகளை இனி கையால் பிழிய வேண்டும். அதைக் கணவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலையில் மாடிக் கொடியருகே போர்வையோடு மல்லுக்கட்டும் மனிதரைப் பார்த்து அந்தத் தெரு சிரித்தது. அவர் கவலைப்படவில்லை.

அடுத்தது டப்பா. பழைய பால்பவுடர் டப்பா, மூடியில் ஒரு கீறல். சந்தைக்குப் போன இடத்தில் ஒரு அழகான தலைக்கிளிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தால், வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிளிப்பின் விலையை டப்பாவில் போட்டுவிடுவார் அக்கா. வாங்கவில்லை, ஆனாலும் காசு போனது போனதுதான்.

"வாங்காம விட்டா மிச்சம்னு நெனச்சுக்கறோம். எங்க மிச்சம்? சாயங்காலத்துக்குள்ள அந்தக் காசு வேற ஏதாவது ஓட்டை வழியா ஓடிடும். டப்பாவுல விழுந்தாத்தான் அது மிச்சம்," என்பது அவருடைய கட்சி.

கணவருக்கு இது முதலில் விளையாட்டாகத்தான் தெரிந்தது. டிரைவர்கள் கூடும் டீக்கடையைத் தாண்டும்போது, குடிக்காத டீயின் காசைச் சட்டைப் பையில் தனியாக வைப்பார். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுபோன டீயை வண்டியில் உட்கார்ந்து குடிப்பார். கடையில் இருந்தவர்கள் "பிளாஸ்க்கு டிரைவர்" என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்கு நான் ஒரு கார் வாங்காம வந்திருக்கேன். அந்தக் காசையும் டப்பாவுல போடட்டுமா?"

"தாராளமாப் போடுங்க. மொதல்ல அந்தக் காசு எங்க இருக்குன்னு காட்டுங்க."

சிரித்துக்கொண்டே பல வேலைகள் நடந்தன. சந்தைக்குக் காலையில் போவதை விட்டு, கடைக்காரர்கள் கூடையைக் கட்டும் நேரத்துக்குப் போனார் அக்கா. மிச்சக் காயை மூட்டை கட்டித் தூக்கிப் போவதைவிட விலை குறைத்துத் தருவது அவர்களுக்கும் லாபம். காயெல்லாம் நறுக்கி முடித்த பிறகுதான் அடுப்பு எரியும். கொதி வந்ததும் தீயைச் சின்னதாக்கி, முக்கால் வேக்காட்டில் அணைத்து, மூடியின் மேல் ஒரு கனத்தை ஏற்றிவிட்டால், மீதிக் கால் வேக்காட்டைப் பாத்திரத்துக்குள் இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். கணவர், பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் பழக்கத்தை விட்டார். இறக்கும் இடங்களிலேயே கிழிந்த அட்டைகளை வாங்கி, வழியில் இருக்கும் பழைய காகிதக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எப்படியும் எரியப்போகிற டீசல், திரும்பும் வழியிலும் சம்பாதித்தது.

இதெல்லாம் வீட்டில். கேன்டீனில் நிலைமை நேர்மாறு. அங்கே காலையில் வந்ததும் முதல் வேலை எல்லா அடுப்பையும் முழுத் தீயில் பற்றவைப்பது. அதன் பிறகுதான் ரேடியோ காயைத் தேடுவார், கத்தியைத் தேடுவார், முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தேடுவார். அண்டாக்கள் வாயைத் திறந்தபடி கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் இருக்க அக்காவின் கை ஒப்பவில்லை. மூடிகளைத் தேடியெடுத்துத் துலக்கினார். கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து செங்கற்கள் கொண்டுவந்து கழுவி வைத்தார்.

"சமைக்கறோமா, சுவர் கட்டறோமா?" என்றார் ரேடியோ. பெட்டி தூக்கும் ஆட்கள் அவருக்கு மூடியக்கா என்று பெயர் வைத்ததும் அந்த வாரம்தான்.

மாதம் முடிந்ததும் கேன்டீன் காண்ட்ராக்டர் வந்து நின்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அந்தச் சின்னக் குரலில் சந்தேகம்.

"சிலிண்டர் கம்மியா வந்திருக்கு. ஏன்? அரை வேக்காடா போடறீங்களா? இல்ல சமையலையே கொறச்சிட்டீங்களா?"

"எதுவும் கொறையல முதலாளி. உக்காந்து சாப்பிட்டுப் பாருங்க."

சாப்பிட்டார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அக்கா அவரை அடுப்புப் பக்கம் கூட்டிப்போய், அணைந்த அடுப்பின் மேல் சோறு வெந்துகொண்டிருப்பதைக் காட்டினார். காண்ட்ராக்டர் செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"பரவால்லையே. நல்ல வேலைம்மா. இப்படியே பண்ணுங்க."

"பண்றேன். மிச்சமாகற கேஸுல பாதி எனக்குக் குடுத்துடுங்க."

"எதுக்கு? கேஸு என்னோடது."

"கேஸு உங்களோடதுதான். மூடினது என் கை. நாளைக்கு இந்தக் கைக்கு மறதி வந்துட்டா பழையபடி முழுசும் உங்களுக்கே செலவு."

ரேடியோ நறுக்குவதை நிறுத்திவிட்டார்.  காண்ட்ராக்டர் அந்தப் பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"சரி. பழைய சிலிண்டர் கணக்க வச்சு, மிச்சத்துல பாதி. கரண்ட்டும் அப்படித்தான். ஆனா ஒண்ணு, உங்க யோசனையால நஷ்டம் வந்தா அதுலயும் பாதி."

"நியாயந்தானே," என்றார் அக்கா, ஒரு நொடியும் யோசிக்காமல்.

முதல் பங்கு கைக்கு வந்த அன்று அது நேராக டப்பாவுக்குப் போனது. டப்பா நிரம்பி இரண்டாவது டப்பா வந்தது. மாதத் தவணை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பழைய இரண்டு தவணைக்கும் சேர வேண்டியதில் பெரும்பகுதி சேர்ந்துவிட்டது. அக்காவுக்கு நடையே மாறிவிட்டது என்கிறார் ரேடியோ. எரியும் ஒவ்வொரு விளக்கையும், ஓடும் ஒவ்வொரு காற்றாடியையும் எதிரியைப் பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கினாராம்.

அந்த உற்சாகத்தில்தான் அது நடந்தது. இயந்திரப் பராமரிப்புக்காகத் தொழிற்சாலை மூன்று நாள் மூடப்பட்டது. மற்றவர்கள் கிளம்பிய பிறகு அக்கா கேன்டீனை ஒரு சுற்றுச் சுற்றி விளக்கு, காற்றாடி, தண்ணீர் சூடாக்கும் கருவி எல்லாவற்றையும் அணைத்தார். மூலையில் பெரிய ஃபிரீசர் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் இறைச்சி, மீன், வெண்ணெய். அக்கா அதன் முன் நின்று யோசித்தார். சூட்டை மூடி வைத்தால் சூடு நிற்கிறது. குளிரை மூடி வைத்தால் குளிர் மட்டும் ஏன் நிற்காது? மூன்று நாளும் இதை யாரும் திறக்கப் போவதில்லை. கதவை நன்றாக அழுத்தி மூடினார். சுவிட்சை அணைத்தார்.

நாலாம் நாள் காலை கதவைத் திறந்த ரேடியோ, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "உள்ள ஏதோ செத்துக் கிடக்கு!"

தரையெங்கும் தண்ணீர். ஃபிரீசரைத் திறந்தவர்கள் உடனே மூடினார்கள். அந்த நாற்றத்தில் சுவிட்சைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. காண்ட்ராக்டர் வந்ததும் தொழிற்சாலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கரண்ட்டு போயிருக்கு, நீ கவனிக்கல!"

"போகவே இல்லைங்க. இங்கயேதான் இருந்தேன்."

"அப்ப இது தானா உருகுச்சா? மேலதிகாரிகிட்ட எழுதிக் குடுக்கறேன், இரு."

எலக்ட்ரீஷியன் தற்காலிக ஆள். எழுதிக் கொடுத்தால் அவ்வளவுதான். அவர் முகம் வெளுத்ததை அக்கா பார்த்தார். இரண்டு டப்பாவும் கண்முன் வந்துதான் போயின. ஆனாலும் முன்னால் வந்துவிட்டார்.

"அவரை விடுங்க முதலாளி. சுவிட்சை அணைச்சது நான்."

"நீங்களா? எதுக்கு?"

"மூடியிருந்தா குளிர் நிக்கும்னு நெனச்சேன்."

 ரேடியோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார்; அங்கிருந்து வந்த சத்தம் அழுகையில்லை. காண்ட்ராக்டருக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

"அது ஃபிரீசரும்மா! அண்டான்னு நெனச்சீங்களா?"

"தப்புதான். பாதி நஷ்டம் என்னோடது. எவ்வளவுன்னு சொல்லுங்க."

அவர் சொன்ன தொகை இரண்டு டப்பாவையும் ஏறக்குறைய காலிசெய்வதாக இருந்தது. காண்ட்ராக்டர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒரேயடியா குடுக்க வேணாம். வர்ற பங்குல மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்கறேன்."

"வேணாம் முதலாளி," என்றார் அக்கா. "இந்தக் 'கொஞ்சம் கொஞ்சமா'தான் எங்கள இங்க கொண்டுவந்து விட்டிருக்கு. நாளைக்கு மொத்தமா தர்றேன்."

அன்று மாலை வீட்டில் இரண்டு டப்பாக்களும் மேசையில் கவிழ்ந்தன. கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இது நம்ம வண்டி," என்றார்.

"தெரியுங்க."

"அவரே பொறுத்துக்கறேன்னு சொல்றாரு. உனக்கென்ன ரோஷம்?"

"ரோஷமில்ல. நான் அவருகிட்ட இன்னும் ஏதாவது பேசி வாங்கணும். கடன்காரியா நின்னுக்கிட்டு பங்கு கேக்க முடியுமா?"

கணவருக்குக் கோபம். எழுந்து வெளியே போய், சுத்தமாக இருந்த வேனை மறுபடி கழுவினார். பக்கெட் உருளும் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தவர் கையைத் துடைத்தபடி நின்றார்.

"சரி. கெடு முடிய இன்னும் ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி. என்ன பண்ணப் போற?"

"தெரியல."

"அடடா. இந்தத் 'தெரியல'வை நான் எங்கயோ கேட்டிருக்கேனே," என்றார். அதோடு கோபம் இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து திரும்பும் வழியில் இன்னும் இரண்டு கடைகளில் கிழிந்த அட்டை கேட்க ஆரம்பித்தார்.

காண்ட்ராக்டரிடம் பணத்தைக் கொடுத்த அன்று, மதியச் சாப்பாடு முடிந்தபின் அக்கா எச்சில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அடுப்பிலும் விளக்கிலும் எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று. வேறு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தட்டுகள் வந்தன. பாதிச் சோறு, பாதிக் காய், கடித்து வைத்த ரொட்டி. பரிமாறும் ஆட்கள் வரிசை சீக்கிரம் நகரட்டும் என்று குவித்துப் போட, சாப்பிடுகிறவர்கள் முடிந்தவரை சாப்பிட்டுவிட்டு மீதியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று தொட்டிகள் நிரம்பி வழிந்தன. மாலையில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காண்ட்ராக்டரைப் பிடித்தார். "ஒரு யோசனை இருக்கு முதலாளி."

"ஃபிரீசர் பக்கம் போகாததா இருந்தா சொல்லுங்க."

"இனிமே நானே பரிமாறறேன். பாதிக் கரண்டிதான் போடுவேன். யாரு எத்தனை தடவை கேட்டாலும் மறுபடி பாதிக் கரண்டி. யாரும் பசியோட எழுந்திருக்க மாட்டாங்க. அரிசி, காய், எண்ணெய்ல மிச்சமாகறதுல பாதி."

"சாப்பாட்டைக் கொறச்சிட்டான்னு என் சட்டையைப் பிடிப்பாங்கம்மா!"

"மொதல்ல என் கரண்டியைத்தான் பிடிப்பாங்க. ஒரு வாரம் குடுங்க."

முதல் நாளே ரகளை. பெட்டி ஏற்றும் ஆட்களில் மலை என்று ஒருவர் உண்டு. பெயரே உருவத்தைச் சொல்லும். தட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னக்கா இது? ஆளுக்குப் போடறீங்களா, குருவிக்குப் போடறீங்களா?"

"தின்னுட்டு வா மலை. நீ போதும்னு சொல்ற வரைக்கும் போடுவேன்."

"கேட்டீங்களாடா? அப்ப நான் நாள் பூரா வருவேன்!"

மலை வந்தார். மறுபடி வந்தார். பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா முகம் கோணாமல் சுடச்சுடப் போட்டார். ஐந்தாவது தடவை தட்டை நீட்டியபோது மலைக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் போடட்டுமா?"

"வேணாம்க்கா. போராட்டம் முடிஞ்சு போச்சு."

அதற்குப் பிறகு வரிசை தானாகச் சீராயிற்று. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு தடவை போதுமாக இருந்தது. சிலருக்கு ஒன்றே போதும் என்பது அவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வரிசை நீளமாகிறது என்று முணுமுணுத்தவர்களுக்காக ரேடியோவும் ஒரு கரண்டியோடு வந்து நின்றார். பேச ஆள் கிடைத்ததில் அவருக்குப் பரம சந்தோஷம்.

காண்ட்ராக்டரை நம்ப வைத்தது அரிசிக் கணக்கு இல்லை, மாட்டுப் பண்ணைக்காரர்தான். வாரக் கடைசியில் காலி வாளியோடு வந்து சண்டை பிடித்தார்.

"என்னங்க, தொழிற்சாலையை மூடிட்டீங்களா? தொட்டியில ஒண்ணுமே இல்ல. எங்கிட்ட சொல்லாம வேற யாருக்காவது குடுக்கறீங்களா?"

காண்ட்ராக்டர் தொட்டிகளை எட்டிப் பார்த்தார். பிறகு அரிசி மூட்டைகளைப் போய்ப் பார்த்தார். மாதக் கடைசியில், கெடு முடிவதற்கு முந்தின நாள், கேஸ் பங்கையும் சாப்பாட்டுப் பங்கையும் சேர்த்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். "எண்ணிப் பாத்துக்கோங்க," என்றார். அக்கா அங்கேயே நின்று எண்ணினார். அன்று இரவு வீட்டில் கூட்டிப் பார்த்தால், டப்பாவில் மறுபடி சேர்ந்தது, பழைய அட்டையில் வந்தது, இந்தக் கவர் எல்லாம் சேர்ந்தும் ஒரு சின்னத் தொகை குறைந்தது. மகள் தன் உண்டியலைக் கொண்டுவந்து வைத்தாள். "நான் வாங்காத கிளிப்பெல்லாம் இதுல இருக்கும்மா," என்றாள். அம்மாவைப் பார்த்து அவளும் சேர்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பணம் சரியாயிற்று.

மறுநாள் பைனான்ஸ் அலுவலகத்துக்கு இருவரும் வேனிலேயே போனார்கள். அக்கா பணத்தை மேசையில் வைத்தார். அதே தம்பி எண்ணினார். சில்லறையும் சின்ன நோட்டுமாக நிறைய இருந்ததால் எண்ணி முடிக்க நேரமாயிற்று.

"சரியா இருக்குக்கா."

"ரசீது குடுங்க தம்பி. வண்டி வாசல்ல நிக்குது, ஜன்னல் வழியா பாத்துக்கோங்க. இனிமே அதை எடுக்க ஆள் அனுப்ப வேண்டியதில்ல."

கணவர் வெளியே வந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றி அக்காவிடம் நீட்டினார். இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து, அந்த அலுவலகத்தைப் பார்த்தபடியே குடித்தார்கள்.

பிறகு நடந்ததில் திடீர் திருப்பம் எதுவும் இல்லை. முதலில் போன் கடனை முடித்தார்கள், அதுதான் சிறியது. அதற்குப் போன தவணையை வேனோடு சேர்த்துக் கட்டினார்கள். பங்கு வரும் மாதங்களில் கூடுதலாகக் கட்டினார்கள். குறித்த காலத்துக்கு முன்பே வேனின் கடன் முடிந்தது. அந்தத் தம்பி இன்னொரு முறை வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை இவர்கள் "நல்ல கஸ்டமர்" ஆகிவிட்டார்களாம். பெரிய வண்டி எடுக்கலாமாம், கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். அக்கா அவருக்கு டீ கொடுத்தார். அவருடைய பிள்ளைகளின் படிப்பு எப்படிப் போகிறது என்று விசாரித்தார். வாசல் வரை கூடவே போய் வழியனுப்பினார்.

கடன் முடிந்த அடுத்த மாதம், தவணை நாள் வந்ததும் கணவருக்குக் கை பரபரத்தது. செலவழிக்கப் பணம் இருக்கிறதே! அக்கா விடவில்லை. "தவணைய நிறுத்த வேணாங்க. இத்தனை வருஷம் அவங்களுக்குக் கட்டினோம். இனிமே நமக்கே கட்டுவோம்," என்று சொல்லி, அதே தேதியில் அதே தொகையை வங்கியில் தங்கள் பெயரில் போட்டுவிட்டு வந்தார். வேனின் டயர் தேய்ந்தபோது அதிலிருந்து டயர் வந்தது. சின்னவனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டபோது அதிலிருந்து கண்ணாடி வந்தது. கடைசியில் ஒரு டிவியும் வந்தது. முழு விலையும் மேசையில் வைத்து வாங்கியது. கேன்டீன் ஃபிரீசரின் சுவிட்சுக்கு மேல் மட்டும் ரேடியோ ஒரு காகிதத்தை ஒட்டியிருக்கிறார்: "மூடியக்கா தொடக்கூடாது." அதைக் கிழிக்க அக்காவும் முயன்றதில்லை.

காண்ட்ராக்டர் இப்போது இன்னொரு தொழிற்சாலையிலும் கேன்டீன் எடுத்திருக்கிறார். இங்கே முழுப் பொறுப்பும் மூடியக்காவிடம். சம்பளத்தோடு பாதிப் பங்கும் தொடர்கிறது. கணவர் எங்கள் பெட்டிகளை ஏற்றிச் செல்கிறார், வேன் அவர் பெயரிலேயே இருக்கிறது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், முதல் வருடக் கட்டணத்தைக் கட்டியாயிற்று. வீடு இன்னும் வாடகை வீடுதான். யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.